பூத்தையல் அறையில் விழுந்த அடி

1

இதை எழுதும்போது என் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. புதுப்பல் வைக்க வைத்தியர் கொடுத்திருக்கும் நாள் இன்னும் வரவில்லை. பேசினால் 'ச' வர வேண்டிய இடத்தில் காற்றுதான் வருகிறது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி பாலக்கோட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "உன்ன வெள்ளக்காரன் அடிச்சிட்டானாமே, நெறத்த வெச்சா?" ஊரில் பேச்சு அப்படித்தான் போயிருக்கிறது. அவன் வெள்ளைக்காரன் என்பது உண்மை. அடித்ததும் உண்மை. என் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் தன் மகளை அடித்தான், நான் நடுவில் போனேன். போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. இனி எழுதலாம் என்று வழக்கை நடத்திய அரசு வக்கீலம்மா சொன்னார். நகரத்தின் பெயரும் அந்தக் குழந்தையின் பெயரும் மட்டும் எங்கேயும் வரக்கூடாதாம்.

ஆகவே, வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். பஞ்சாலைகள் மூடிப்போய் நாளாகிறது. மழை மட்டும் தவறாமல் வேலைக்கு வரும். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் நான் 'பார்வையாளர் உதவியாளர்'. பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை நிற்பதுதான். காலையில் கறுப்புப் பேன்ட், கறுப்புச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி. என் பெயர் மாதேஸ்வரி. முதல் நாளே அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு 'மேடி' என்று முடிவு செய்துகொண்டார்கள். என் மகள் யாழினியும் அவள் பள்ளியில் 'யாஸ்' ஆகிவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2

நான் நிற்பது பூத்தையல் அறையில். அதற்கு நான் வைத்த பெயர் அது. அறை முழுக்கச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் துணிகள். சாம்ப்ளர் என்பார்கள். நூறு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பெண்குழந்தைகளுக்கு எழுத்தையும் தையலையும் ஒரே துணியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மேலே ஆங்கில எழுத்துகள் வரிசையாக. அதற்குக் கீழே எண்கள். பிறகு ஒரு வீடு, இரண்டு மரம், குருவி, நாய். அதற்கும் கீழே நாலு வரி வேதவாக்கு. கடைசியில் தைத்தவளின் பெயர், வயது. ஹன்னா, வயது ஒன்பது. மார்த்தா, வயது ஏழு. எல்லாம் ஊசியால் எழுதியது.

வேதவாக்கு என்றால் நம் ஊர்க் காலண்டரில் இருப்பது போல இனிப்பாக இருக்காது. பெற்றோர் சொல்லைத் தட்டமாட்டேன், என் சாவு பக்கத்தில் நிற்கிறது, நான் மண், நான் புழு என்று ஏழு வயதுப் பிள்ளை தைத்திருக்கிறது. அநாதை விடுதிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு நூல் மட்டும்தான். பூ கிடையாது, குருவி கிடையாது. எழுத்துதான், வரிசை வரிசையாக, எறும்பு அளவில். பெரிய வீடுகளில் வேலைக்குப் போகும்போது படுக்கை விரிப்பில் வீட்டுக்காரர் பெயரைத் தைக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. சில பிள்ளைகளுக்குக் கண்ணே போயிருக்கிறது.

வருகிறவர்கள் குனிந்து பார்த்து, எவ்வளவு அழகு, அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொறுமை என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தானாக அந்தப் பொறுமை வராது. பின்னால் ஒருத்தர் கையில் எதையாவது வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் அது மர அளவுகோல். எங்களுக்கும் ஒரு மாதிரித் துணி உண்டு. ஓட்டுத்தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், குறுக்குத் தையல் எல்லாவற்றையும் ஒரு முழத் துணியில் போட்டு, கீழே பெயரும் வகுப்பும் தைத்துக் கொடுக்க வேண்டும். தையல் டீச்சர் ஞானமணி கோணல் விழுந்தால் பிரிக்கச் சொல்லமாட்டார். துணியைப் பிடுங்கி இரண்டாகக் கிழிப்பார். பிறகு விரல் முட்டியில் அளவுகோலின் விளிம்பால் போடுவார். அவரைக் கண்டால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும்.

3

பள்ளி அரைப்பருவ விடுமுறை நாள் ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர்கள் வந்தார்கள். அப்பாவும் மகளும். அவன் நல்ல கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். உள்ளே வரும்போது எனக்கு வணக்கம் சொன்னான். மகளுக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். மஞ்சள் மழைக்கோட்டின் பொத்தானை மேல்வரை போட்டிருந்தாள். அறையில் வேறு ஒரு வயதான தம்பதி மட்டும் இருந்தார்கள்.

அவன் ஒவ்வொரு துணியின் முன்னாலும் மகளை நிறுத்தி வாசிக்கச் சொன்னான். ஹன்னாவின் துணியில் அவள் தடுக்கினாள். அவள் மேல் தப்பில்லை. பழைய எழுத்தில் எஸ் என்பது எஃப் மாதிரி இருக்கும். படித்த பெரியவர்களே என்னிடம் வந்து கேட்பார்கள். அவள் எஃப் என்றே வாசித்தாள். அவன் திரும்ப வாசிக்கச் சொன்னான். திரும்பவும் அப்படியே வாசித்தாள். கேலி செய்கிறாயா என்று அவன் மெதுவாகத்தான் கேட்டான். போய் எழுத்தை விளக்கிச் சொல்லலாம் என்று நான் இரண்டடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் அவன் அவளுடைய பிடரியைப் பிடித்து நெற்றியைக் கண்ணாடியில் மோதினான்.

கண்ணாடி உடைந்தது. அவளுடைய புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. அவள் கத்தவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கூடு மாதிரி வைத்துக்கொண்டாள். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்த பிள்ளைதான் அப்படிக் கை வைக்கும். அவன் கையை ஓங்கினான். நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவன் மறுகையால் என் வாயில் குத்தினான். பல் உடைந்த சத்தம் என் மண்டைக்குள்ளேதான் கேட்டது. பிறகு என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து முறுக்கினான். மூச்சு நின்றது. நாடா தானாக அறுந்துகொள்கிற மாதிரி செய்தது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது அறுபடவில்லை. நான் கையிலிருந்த வாக்கிடாக்கியால் அவன் காதோடு சேர்த்து அடித்தேன். ஒரு தடவை அடித்ததற்கு அவன் விடவில்லை. இரண்டாவது தடவை முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். வாயில் ரத்தத்தோடு நான் அவனைப் பார்த்துச் சொன்னேன், தமிழில்: "இன்னொரு வாட்டி அது மேல கை பட்டுச்சு, கைய முறிச்சு அடுப்புல வெச்சிருவன்."

வயதானவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் ஓடிவந்து குழந்தையை இழுத்துத் தன் கோட்டுக்குள் மூடிக்கொண்டார். குழந்தை அப்போதுதான் வாய் திறந்தாள். அப்பா, அப்பா என்றுதான் அழுதாள்.

4

என் கையால் ஒரு ஆண் அடிபட்டது அது முதல் தடவை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் விசாரணையில் அதுவும் வந்தது.

நான் ஒன்பதாவது படித்தபோது அப்பா இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து அதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். அம்மா தக்காளி பறிக்கப் போனாள். எங்களுக்கு ஆண்துணை என்று வீட்டுக்கு வந்துபோனது அம்மாவின் தம்பி சின்னராசு மாமாதான். பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி லோடு ஓட்டுவார். வரும்போது எனக்குப் பேனா, ரிப்பன், ஒருமுறை குடை. காரிமங்கலம் சந்தையில் சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக் கூட்டத்துக்குள் நடந்தவர். கன்னடம் கலந்து பேசி எங்களைச் சிரிக்க வைப்பார். அவருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுப்பது என்று அம்மாவின் அண்ணன்மார் முடிவு செய்தபோது யாரும் என்னிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர்கள் ஊர்க் கோயிலில் தாலி. அம்மா தலையாட்டிவிட்டாள். நான் வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

மதியம் தையல் வகுப்பு. மாமா இரண்டு ஆட்களோடு வேனில் வந்தார். தலைமையாசிரியர் அது குடும்ப விஷயம் என்று அறைக்குள் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். மாமா நேராகத் தையல் அறைக்குள் வந்தார்.

"பேகா வா. வண்டி நிக்குது" என்றார். கன்னடத்தில் பேகா என்றால் சீக்கிரம். லோடு ஏற்றும்போது ஆட்களிடம் சொல்கிற அதே குரல்.

நான் எழுந்திருக்கவில்லை. மாமா என் சடையைக் கையில் சுற்றி இழுத்தார். பெஞ்சோடு சாய்ந்து தரையில் விழுந்தேன். முதுகு தேய இரண்டு பெஞ்சு தூரம் இழுத்துக்கொண்டு போனார்.

ஞானமணி டீச்சர் குறுக்கே வந்து நின்றார். குள்ளமான ஆள். கையில் அந்த அளவுகோல்.

"கிளாஸ் நடக்குதுங்க. அவ இன்னும் தையல முடிக்கல. விடுங்க."

"நீ ஒதுங்கும்மா."

டீச்சர் ஒதுங்கவில்லை. அளவுகோலைத் திருப்பி விளிம்பால் அவர் முகத்தில் போட்டார். எங்கள் முட்டியில் போடுவாரே, அதே போடு. மூக்குத்தண்டு பிளந்தது. மாமா மறுகையால் அவரை வீசி எறிந்தார். தையல் மிஷினின் இரும்புச் சக்கரத்தில் தோள் மோதி டீச்சர் விழுந்தார். எலும்பு முறிந்தது கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

என் கைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் விழுந்து கிடந்தது. எடுத்தேன். சடையைப் பிடித்திருந்த கையின் மேல்புறத்தில் குத்தினேன். எலும்புகளுக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் போட்ட சத்தம் இதுவரை நான் எந்த ஆளிடமும் கேட்காத சத்தம். அவர் கையை உதற, நான் கத்தரிக்கோலை விடாமல் கூடவே போனேன்.

பிறகு மற்ற பிள்ளைகள். அத்தனை நாள் அளவுகோலுக்கு நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தார்கள். துணி மாட்டும் மர வளையத்தால் தலையில் அடித்தார்கள். ஊசியால் குத்தினார்கள். கடித்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த, வாயே திறக்காத ஒரு பெண் அவர் காதைப் பிடித்துத் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. கூட வந்த இரண்டு ஆட்களும் வேனை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் மாமாவைச் சட்டையில்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். என் எதிரிலேயே பாதத்தில் லத்தியால் அடித்தார்கள். அந்த ஊசிக் குத்துகள் முதுகெல்லாம் சிவப்புப் புள்ளியாக இருந்தன. அதிகாரி ஒருத்தர் ஒரு செருப்பை என்னிடம் நீட்டி, "ஓங்கி ஒண்ணு போடு பாப்பா, பயப்படாத" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். மாமாவை அடிக்காதீங்க என்று கத்தினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

அம்மா காட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். எல்லார் எதிரிலும் என்னை அறைந்தாள். பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள். முந்தானையைக் கிழித்து அதைக் கட்டினாள். கட்டி முடித்து எழுந்து அதிகாரியிடம் சொன்னாள்: "இவ படிக்கட்டும்ங்க. ஆஸ்டல்ல சேத்து வுட்ருங்க. வூட்டுக்கு வந்தா கொன்னுருவானுங்க."

அம்மாவுக்கு விழுந்தது பிறகுதான். அவளுடைய அண்ணன்மார் தெருவில் போட்டு மிதித்தார்கள். ஒரு காதில் இன்றைக்கும் அவளுக்குச் சரியாகக் கேட்காது. மாமாவின் இரண்டு விரல் நிமிரவே இல்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் லாரியை விட்டார். டீச்சர் தோளில் கட்டோடு திரும்பி வந்தார். நானும் விடுதியிலிருந்து வகுப்புக்குப் போனேன். அன்றைக்குத் தையல் பாக்கி வைத்ததற்காக முட்டியில் போட்டார், இடது கையால்.

5

இங்கே போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். டீ கொடுத்தார்கள். வாயில் ஐஸ் கட்டி வைக்கக் கொடுத்தார்கள். அவனைக் கொண்டுபோனார்கள், குழந்தையை அவளுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மேல் வழக்கு இல்லை, தற்காப்பு என்றார்கள். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். சங்கடம் என் அலுவலகத்திலிருந்து வந்தது.

வயதானவர் எடுத்த படம் எல்லாருக்கும் போயிருந்தது. அதில் நான் பேசிய தமிழை ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பி ஆங்கிலத்தில் வாங்கியிருந்தார்கள். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்த விசாரணை மேஜையில் மேலாளர் ஹெலன் அந்தக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். உன் கையை உடைப்பேன், உடைத்த பிறகு அதைச் சமையல் அடுப்பின் மேல் வைப்பேன் என்று சுத்தமான ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கும்போது எனக்கே பயமாக இருந்தது.

எந்த அடுப்பு என்று ஒருத்தர் கேட்டார். அருங்காட்சியகத்தின் சிற்றுண்டிச்சாலை அடுப்பா என்று உண்மையாகவே கேட்டார். எந்த அடுப்பும் இல்லை, எங்கள் பக்கம் கோபத்தில் அப்படிச் சொல்வது வழக்கம் என்றேன். எவ்வளவு சாதாரணம் என்று புரிய வைக்க நினைத்து ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டேன்: "குழந்தைகளைக்கூட அப்படித்தான் சொல்வோம்."

மூன்று பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று ஹெலன் கேட்டார். இருக்கிறாள், பதினாலு வயது என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வி, இதற்கு முன் யாரையாவது தாக்கியது உண்டா என்பது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். கடல் தாண்டி வந்து யார் சாட்சி சொல்லப் போகிறார்கள்? உண்டு என்றேன். பள்ளிக்கூடத்தில், கத்தரிக்கோலால், என் தாய்மாமனை. முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். பல் இல்லாத வாயில் 'சிசர்ஸ்' என்ற வார்த்தை வரவே இல்லை. கடைசியில் விரலால் வெட்டிக் காட்டினேன். ஹெலன் முகம் வெளுத்துவிட்டது.

குமார் வெளியே காரில் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு ஸ்டியரிங்கைக் குத்தினார். "கேட்டா இல்லன்னு சொல்றதுக்கு உனக்கு என்னா?" என்றார். இந்த நாட்டில் நாம் கஷ்டப்பட்டு நின்ற இடம் இது, ஒரு வாய்ப்பேச்சில் கவிழ்த்துவிடாதே என்றார்.  அவர் பயம் எனக்குத் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஹன்னாவின் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றினார்கள். உடைந்த கண்ணாடி வழியாகக் குழந்தையின் ரத்தம் இரண்டு சொட்டு துணியில் இறங்கியிருந்தது. ஏற்கெனவே அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை உண்டு. ஹன்னாவின் விரலில் ஊசி குத்திய ரத்தமாக இருக்கலாம் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றதால் நான் என் சாமான் எடுக்கப் போனபோது துணி நிபுணர் பஞ்சை நனைத்துப் புதுக் கறையை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். பழையதை விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். அது வரலாறு, இது சேதம் என்றார். அவர் நல்லவர். தன் வேலையைச் செய்கிறார். இதுவும் ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் ரத்தம்தானே என்றேன். அவர் பஞ்சை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி எடுத்து ஒற்றினார்.

6

குழந்தைநலத் துறையிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். யாழினியைத் தனியாக மாடி அறையில் வைத்துப் பேசினாள். நானும் குமாரும் கீழே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். இந்த நாட்டில் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் சொல்லும் கதைகள் எல்லாம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிடுங்க வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். என்ன செய்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

யாழினியோ என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்தி வெகுகாலம். நான் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பாதி நேரம் கதவை மூடிக்கொண்டு. என்னைப் பற்றி மேலே என்ன சொல்கிறாள் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை.

அந்தப் பெண் இறங்கி வரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னதிலிருந்து தெரிந்தது: யாழினி அவளுக்கு ஒரு பாடமே நடத்தியிருக்கிறாள். காலை ஒடிப்பேன் என்றால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்று அர்த்தம். தோலை உரிப்பேன் என்றால் குளித்தாயா என்று அர்த்தம். கையை அடுப்பில் வைப்பேன் என்றால் சாதத்தைத் தட்டில் மிச்சம் வைக்காதே. அம்மா தன்னை அடித்தது கிடையாது, ஆனால் சோறு போட்டே சாகடிப்பாள் என்றாளாம்.

 கதவு மூடியிருந்த அறைக்குள் அத்தனை தமிழும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நன்றி சொல்லப் போனேன். யாழினி கண் சிவந்து படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஆங்கிலத்தில் எழுத்துப் போட்ட அந்தப் படத்தைப் பள்ளியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், உன் அம்மா அடுப்பு அம்மா என்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். கதவை என் முகத்தில் சாத்தினாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். நல்ல காதில் போனை வைத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் கேட்டாள். பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள இப்ப யார் வூட்ல இருக்குது?"

"அத்தை வூட்லம்மா."

"அழுவுதா?"

தெரியாது என்றேன்.  அவள் தக்காளி விலை இறங்கிப்போனதையும், பறிக்காமல் காட்டிலேயே விட்டுவிட்டதையும் சொன்னாள். போனை வைக்கும் முன்னால், "உங்க மாமன் நேத்து வந்தான். உன்ன விசாரிச்சான்" என்றாள். மாமா என்னை விசாரித்ததாக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ம் என்றேன்.

7

அலுவலகத்தில் எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை கொடுத்து, பூத்தையல் அறையிலிருந்து என்னை டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். கோபத்தில் வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். உள்ளங்கையைத் திறந்து வைத்து, குரலை இறக்கி, உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பழகினேன்.

கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை தானாகத் தடுக்கிக் கண்ணாடியில் மோதிக்கொண்டாள், இந்தப் பெண் பைத்தியம் பிடித்தவள் போலப் பாய்ந்தாள் என்றான். எனக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பையன். நான் "பிடரியப் புடிச்சு மோதினான்" என்றதை அவன் நாகரிகமாக, தள்ளினார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் கையைத் தூக்கி நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். இனி நானே ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்றேன். என் ஆங்கிலத்தில் இலக்கணம் கிடையாது, பல்லும் கிடையாது. ஆனாலும் சொன்னேன். பிடரியை எப்படிப் பிடித்தான், எத்தனை வேகத்தில், கண்ணாடி எப்படி உடைந்தது, பிள்ளை கையை எப்படி வைத்துக்கொண்டாள் என்று தலைக்கு மேலே என் இரண்டு கைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்த அவன் முதல் தடவையாகத் தலை குனிந்தான். வயதானவரின் மனைவியும் வந்து சொன்னார். மருத்துவர் குழந்தையின் பழைய முறிவுகளைப் பற்றிச் சொன்னார். விலா எலும்பில் இரண்டு, முன்கையில் ஒன்று, ஆறியவை.

தீர்ப்பு அன்று அவனைச் சிறைக்கு அழைத்துப் போனார்கள். குழந்தை அத்தையிடமே இருக்க வேண்டும் என்றும், அவன் அவளைப் பார்க்கக் கூடாது என்றும் உத்தரவு. வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமார் கார் எடுத்து வரப் போனார். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வெளியே நடைபாதையில் வந்தேன்.

அங்கே பெஞ்சில் அத்தையும் குழந்தையும் இருந்தார்கள். அவளை உள்ளே அழைத்து வந்திருக்க மாட்டார்கள். எதற்கோ கையெழுத்துக்காக வந்த இடம். நெற்றியில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நேராக வந்தாள். எனக்கு நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நான் நினைத்துவிட்டேன். பல் இல்லாத இடம் தெரியாமல் சிரிக்கப் பார்த்தேன்.

அவள் என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைத்தாள். பள்ளிக்கூடத்து ஷூ. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உன்னாலதான் எங்கப்பாவைக் கொண்டுபோனாங்க" என்று அவள் மொழியில் கத்திக்கொண்டு அதே இடத்தில் இன்னொன்று உதைத்தாள். அத்தை பதறிக்கொண்டு ஓடிவந்தாள். காவலர் ஒருத்தரும் வந்தார். நான் கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினேன். அந்தப் பயிற்சியில் சொன்ன எதுவும் என் வாய்க்கு வரவில்லை. சும்மா நின்றேன்.

மூன்றாவது உதைக்கு அவள் காலைத் தூக்கினாள். நான் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு அவளாகவே காலைக் கீழே வைத்தாள்.